வெட்டாத மாம்பழத்தின் நிகழ்தகவு

ஆடி மாதம், சீசன் முடிகிற நேரம். வீட்டுக்கு ஒரு கூடை நீலம் மாம்பழம் வந்தது. தோலில் ஒரு புள்ளி கிடையாது. முதல் பழத்தை நறுக்கிக் கொட்டையைப் பிளந்தால், உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு வண்டு நகர்ந்து வந்தது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுலயும் இருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டுல இருந்தா எல்லாத்துலயும் இருக்கும்டா" என்றார் அம்மா, பழத்தைப் பார்க்காமலே.

மாங்கொட்டை வண்டு பிஞ்சுப் பருவத்திலேயே காயின் தோலில் முட்டை வைத்துவிடும். பொரிந்த புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய் அங்கேயே வண்டாக வளரும். காய் பெருக்கப் பெருக்க அது போன வழி தூர்ந்துவிடும். அதனால் பழுத்த பழத்தைத் தட்டிப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. மூன்றாவது பழத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முன்னால் வெட்டிய இரண்டிலும் வண்டு இருந்தது. இதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவதிலும் இருக்கும் என்பதற்கு எந்த எண்ணைக் கொடுப்பது நியாயம்? 1/2? 3/4? அம்மா சொன்னதுபோல 1?

பார்த்ததிலிருந்து பார்க்காததற்குப் போகும் இந்தத் தாவலுக்கு விதி தேடும் துறைதான் தொகுத்தறி தர்க்கம். 'எல்லா மனிதரும் மரிப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே அவரும் மரிப்பவர்' என்கிற வகைத் தர்க்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதிகள் வந்துவிட்டன. மாம்பழத் தர்க்கத்துக்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு விதிப் புத்தகம் இல்லை. எழுத முயன்றவர்களில் பெரும்பாலோர் கையில் எடுத்த கருவி ஒன்றுதான்: சமச்சீர்மை. இரண்டு விஷயங்களை வேறுபடுத்த உன்னிடம் காரணம் இல்லையென்றால், வேறுபடுத்தாதே. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடு. நாணயத்தில் பூவுக்கும் தலைக்கும் பாதிப் பாதி, பகடையில் ஒவ்வொரு முகத்துக்கும் ஆறில் ஒன்று. இதைவிட நேர்மையான யோசனை இருக்க முடியாது என்றுதான் முதலில் தோன்றும்.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் தன் கணக்குகளையெல்லாம் இதன் மேல்தான் கட்டினார். இதற்குப் 'பாகுபாடின்மை விதி' என்ற பொருளில் இன்று புழங்கும் பெயரைத் தந்தவர் பொருளாதார மேதை கெய்ன்ஸ். 1921இல் வந்த அவருடைய நிகழ்தகவு நூலில் அந்தப் பெயர் வருகிறது. பெயர் வைத்த அதே நூலில் விதியின் ஓட்டைகளையும் அவர் வரிசையாகக் காட்டியிருக்கிறார்.

ஓட்டை எங்கே என்பதை ஒரு மேதையின் தவறே காட்டிவிடும். 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தலாம்பேர் ஒரு கட்டுரை எழுதினார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழ வாய்ப்பு என்ன? முதல் தடவையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் 'பூ, தலை' அல்லது 'பூ, பூ'. ஆக மூன்று நிலை, இரண்டு சாதகம், விடை 2/3 என்றார். பள்ளி மாணவர்கூட இன்று நான்கு நிலைகளை எழுதி 3/4 என்பார். தலாம்பேரும் 'எல்லாவற்றையும் சமமாகப் பார்' என்ற விதியை மீறவில்லை. எவை எவற்றைச் சமமாகப் பார்ப்பது என்பதில்தான் சறுக்கினார்.

அவருடையது பிழை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். எல்லா இடத்திலும் அப்படி ஒதுக்க முடிவதில்லை. தத்துவவாதி பாஸ் வான் ஃபிராசென் 1989இல் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்தார். அங்கே இரும்புக் கனசதுரங்கள் வார்க்கிறார்கள். பக்கம் 2 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஒன்றை எடுத்தால் அதன் பக்கம் 1 சென்டிமீட்டருக்குள் இருக்க வாய்ப்பு என்ன? 0 முதல் 2 வரை எல்லா நீளமும் சமம் என்றால் 1/2. அதே கேள்வியை முகத்தின் பரப்பை வைத்துக் கேளுங்கள்: பரப்பு 4க்குள், வேண்டியது 1க்குள், விடை 1/4. கன அளவை வைத்துக் கேட்டால் 8க்குள் 1, விடை 1/8. இரும்பு ஒன்று, கேள்வி ஒன்று, விடை மூன்று. நீளம்தான் 'உண்மையான' அளவு, பரப்பு அல்ல என்று சொல்ல நம்மிடம் எந்தக் காரணமும் இல்லை. வட்டத்துக்குள் ஏதோ ஒரு நாணைக் குருட்டாம்போக்கில் வரையச் சொல்லி, அது உள்ளே பொருந்தும் சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நீளமாக இருக்குமா என்று கேட்டு, 1/3, 1/2, 1/4 என மூன்று விடை காட்டிய கணிதவியலாளர் பெர்ட்ராண்டின் 1889ஆம் ஆண்டுப் புதிரும் இதே குடும்பம்தான். அதற்கு 1973இல் இயற்பியலாளர் ஜெய்ன்ஸ் ஒரு வழி சொன்னார்: தூரத்திலிருந்து வைக்கோல் துரும்பை எறிகிறோம், வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் சற்றுப் பெரிதாக்கினாலும் விடை மாறக் கூடாது என்று கேட்டால் 1/2 மட்டுமே மிஞ்சும். அழகான தீர்வு. ஆனால் துரும்பு எறிவது என்ற செய்தியை அவர் உள்ளே கொண்டுவந்த பிறகுதான் அது தீர்ந்தது.

சரி, மாம்பழத்துக்கு வருவோம். இங்கே நீளம், பரப்பு என்ற குழப்பம் இல்லை. வண்டு உண்டு, வண்டு இல்லை, அவ்வளவுதான். இப்படிச் சிறிய மொழி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குள் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, பட்டியலின் மேல் நிகழ்தகவைப் பங்கிடலாம் என்று கிளம்பியவர் ருடால்ஃப் கார்னாப். வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவின் தூண்களில் ஒருவர். நாஜிகள் தலையெடுத்த காலத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1950இல் அவர் வெளியிட்ட நிகழ்தகவின் தர்க்க அடிப்படைகள் பற்றிய நூல்தான் இந்தத் துறையின் அஸ்திவாரம்.

மூன்று பழங்கள், ஒவ்வொன்றிலும் உண்டு அல்லது இல்லை. ஆக மொத்தம் எட்டு நிலைகள்: உஉஉ, உஉஇ, உஇஉ, இப்படி இஇஇ வரை. எட்டையும் வேறுபடுத்தக் காரணமில்லை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/8. குற்றம் சொல்ல முடியாத சமச்சீர்மை. இப்போது இரண்டு பழத்தில் வண்டு கண்டாயிற்று. மிஞ்சுவது உஉஉ, உஉஇ என்ற இரண்டே நிலைகள், இரண்டும் 1/8. மூன்றாவதில் வண்டு இருக்க வாய்ப்பு 1/2. நூறு பழம் வெட்டி நூற்றிலும் வண்டு வந்திருந்தாலும், நூற்றியோராவதுக்கு இந்த முறை அதே 1/2 என்றுதான் சொல்லும். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் தன் 'டிராக்டேட்டஸ்' நூலில் சொல்லும் நிகழ்தகவும் இந்த ரகம்தான். அனுபவம் என்ற ஒன்று காதிலேயே விழாத முறை இது. அதிகபட்ச நேர்மையோடு தொடங்கி அடிமட்ட முட்டாள்தனத்தில் வந்து நிற்கிறோம்.

கார்னாப் வேறு விதமாகப் பங்கிட்டார். எந்தப் பழத்தில் என்பதை விடு, எத்தனை பழத்தில் என்பதை மட்டும் பார் என்றார். வண்டுள்ள பழங்கள் 0, 1, 2, 3 என நான்கு வாய்ப்புகள். நான்குக்கும் தலா 1/4. 'இரண்டு பழத்தில்' என்ற வாய்ப்புக்குள் மூன்று அடுக்குகள் இருப்பதால் அந்த 1/4ஐ மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1/12. இப்போது உஉஉ என்பதற்கு 1/4, உஉஇ என்பதற்கு 1/12. முன்னது பின்னதைவிட மூன்று மடங்கு. எனவே மூன்றாவதில் வண்டு இருக்க வாய்ப்பு 3/4. அனுபவம் காதில் விழ ஆரம்பித்துவிட்டது! இந்த எண் லாப்லாஸின் பழைய சூத்திரம் தருவதும்தான்: பார்த்த சாதக எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு, மொத்தத்தோடு இரண்டைக் கூட்டு, வகு. அதை வைத்துத்தான் அவர் ஐயாயிரம் ஆண்டுகளாக, அதாவது 18,26,213 நாட்களாக, உதித்த சூரியன் நாளையும் உதிக்கும் என்பதற்குப் பந்தயக் கணக்குப் போட்டார். அதே இடத்தில், வானியல் தெரிந்தவருக்கு அந்த உறுதி இதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் எழுதினார். கேலி செய்பவர்கள் இந்த வரியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

எட்டு நிலைகளைச் சமமாகப் பார்ப்பதா, நான்கு எண்ணிக்கைகளைச் சமமாகப் பார்ப்பதா? இரண்டுமே சமச்சீர்மைதான். எது சரி என்று தர்க்கத்தில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. இயற்பியலில் இதே கேள்விக்கு ஒருமுறை இயற்கையே பதில் சொன்னது. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணும் முறையை மாற்றி ஒரு சிறு கட்டுரை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். இரண்டு துகள், இரண்டு அறை என்று வைத்துக்கொண்டால் பழைய முறையில் இரண்டும் முதல் அறையில் 1/4, இரண்டும் இரண்டாவதில் 1/4, ஆளுக்கொன்றாக 1/2. போஸ் முறையில் மூன்றுக்கும் தலா 1/3. இது துகள், அது துகள் என்று பெயர் சொல்லிப் பிரிக்கவே முடியாது, எத்தனை என்பது மட்டுமே கணக்கு. கார்னாப் மாம்பழத்துக்குச் சொன்னதும் இந்தக் கணக்குதான். ஒளிக்கு இது பொருந்துகிறது என்று பிளாங்கின் கதிர்வீச்சு விதி காட்டியது. நாணயத்துக்கு இது பொருந்தாது என்று எந்த நாணயமும் காட்டும். எது சமம் என்பதை உலகத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆனாலும் சமச்சீர்மையின் ஒரு வடிவம் மட்டும் இந்தச் சண்டைகளில் பெரும்பாலும் தப்பித்து நிற்கிறது. வெட்டும் வரிசை முக்கியமில்லை என்பது அது. உஉஇ, உஇஉ, இஉஉ மூன்றுக்கும் ஒரே எண். கேம்பிரிட்ஜில் தர்க்கவியலாளர் டபிள்யூ. ஈ. ஜான்சன் 1924இல் இதை ஒரு கொள்கையாக எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் இத்தாலியில் கணிதவியலாளர் புரூனோ தெ ஃபினெட்டி தனியாக இதே இடத்துக்கு வந்து, இதன் மேல் ஒரு பெரிய தேற்றத்தையே கட்டினார். இந்தச் சமச்சீர்மைக்கு 'இடமாறு சமநிலை' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சந்தைக்குப் போய்வருகிறவர்களுக்கு இது உடனே உறைக்கும். மேலே பளபளப்பான பழத்தை அடுக்கி, அடிபட்டதை அடியில் தள்ளும் கடையில் வரிசை முக்கியம்தான். முதல் இரண்டு நன்றாக இருந்தது என்பதை நம்பி அடியில் இருப்பதை வாங்க முடியாது. வண்டு விஷயம் அப்படியல்ல. உள்ளே இருப்பது கடைக்காரருக்கே தெரியாது, தெரிந்து அடுக்க வழியில்லை. அடிபட்ட பழத்துக்கு உடைகிற சமநிலை வண்டுப் பழத்துக்கு நிற்கிறது. ஒரே கூடை, இரண்டு கேள்வி.

இந்தச் சாதுவான நிபந்தனையிலிருந்து எவ்வளவு கறக்க முடிகிறது என்பதுதான் வியப்பு. ஒரு பழத்தில் வண்டு கண்டால் அடுத்ததில் இருக்கும் வாய்ப்பு கூட வேண்டும், குறையக் கூடாது என்பது நம் எல்லோருடைய உள்ளுணர்வு. கார்னாப் இதைத் தனி அடிப்படை விதியாக வைக்க நினைத்திருந்தார். தேவையே இல்லை, பழங்கள் முடிவின்றி நீளுமானால் இடமாறு சமநிலையிலிருந்தே 'குறையாது' என்பது வந்துவிடும் என்று தர்க்கவியலாளர் ஹைம் கைஃப்மன் நிரூபித்தார். 1971இல் அச்சில் வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

ஜான்சன் இன்னொரு படியும் ஏறினார். அவர் 1931இல் இறந்தார். அதைச் சொல்லும் கட்டுரை மறு ஆண்டு 'மைண்ட்' இதழில் வந்தது. அடுத்த பழம் ஒரு குறிப்பிட்ட வகையாக இருக்கும் வாய்ப்பு, அந்த வகையில் இதுவரை எத்தனை, மொத்தம் எத்தனை என்ற இரண்டை மட்டுமே பொறுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வகைகள் தங்களுக்குள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பது வேண்டாம். வகைகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்து, தொடக்கத்தில் எல்லா வகையும் சமமாகவும் இருந்தால், சூத்திரம் ஒரே வார்ப்பில் வந்து விழும். (இரண்டே வகை என்றால் இந்த நிபந்தனை ஒன்றுமே சொல்வதில்லை, ஒன்றின் எண்ணிக்கை தெரிந்தால் மற்றது தானே தெரிந்துவிடுகிறது.) ஜான்சனின் வேலை தெரியாமலே கார்னாப் 1952இல் அதே சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். அதில் லாம்டா என்று ஒரு திருகு இருக்கிறது. அனுபவத்துக்கு எவ்வளவு பிடிவாதமாக எதிர்த்து நிற்பது என்பதை அது நிர்ணயிக்கிறது. நம் கூடைக்கு லாம்டா 2 என்றால் 3/4, 4 என்றால் 2/3, 20 என்றால் சுமார் 0.55. முடிவிலிக்குத் திருகினால் காது கேளாத பழைய 1/2. பூஜ்யத்துக்குத் திருகினால் 1. ஒரே ஒரு பழத்தைப் பார்த்ததுமே கூடை முழுக்க அப்படித்தான் என்ற தீர்ப்பு. அதாவது அம்மா.

திருகை எங்கே நிறுத்துவது? சமச்சீர்மை இதைச் சொல்வதில்லை. அப்படியானால் இன்னும் கூடுதல் சமச்சீர்மை கேட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. பண்புகளுக்குள்ளும் இடம் மாற்றலாம்: மொழியில் 'மஞ்சள்', 'இனிப்பு' என்ற இரண்டு சொற்கள், எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாதவனுக்கு இரண்டும் வெறும் பெயர்கள், மாற்றி வைத்தால் எண் மாறக் கூடாது. ஒரு பண்பையும் அதன் மறுப்பையும் மாற்றலாம். இன்னும் மேலே போய், மஞ்சள்-இனிப்பு, மஞ்சள்-புளிப்பு, பச்சை-இனிப்பு, பச்சை-புளிப்பு என்ற நான்கு வகைகளையும் எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். கார்னாப் இதையும் ஏற்றார். இங்கேதான் கை சுடும். நான்கையும் கலைத்துப் போட்டால், மஞ்சள்-இனிப்புப் பழம் மஞ்சள்-புளிப்புக்குக் கிட்டே, பச்சை-புளிப்புக்குத் தூரம் என்பது அழிந்துபோகிறது. ஜாடை பார்த்து ஊகிப்பது என்ற, வாழ்க்கையில் நாம் நாள் முழுக்கச் செய்கிற வேலை, இந்தத் தர்க்கத்தில் நடக்காது. கார்னாப் கடைசி ஆண்டுகளில் ஒப்புமையை உள்ளே கொண்டுவரப் போராடினார். 1970இல் அவர் இறந்தபோது அந்த வேலை முடிந்திருக்கவில்லை.

எந்தப் பண்புகளை அடிப்படையாக எடுப்பது என்பதே தகராறு என்று தத்துவவாதி நெல்சன் குட்மன் ஏற்கெனவே வேறொரு பக்கத்திலிருந்து குண்டு வைத்திருந்தார். குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன் பார்க்கப்பட்டுப் பச்சையாக இருப்பதும், அப்படிப் பார்க்கப்படாமல் நீலமாக இருப்பதும் 'பச்சீலம்' என்று ஒரு சொல் செய்வோம். இதுவரை பார்த்த மரகதங்கள் எல்லாம் பச்சை, எல்லாம் பச்சீலமும்கூட. அந்த நாள் கடந்த பிறகு எடுக்கிற மரகதம் என்ன நிறம்? பச்சீலம் செயற்கையான சொல் என்று சிரித்தால், பச்சீலம் பேசிப் பழகிய ஊரில் நம் 'பச்சை'தான் நாள் பார்த்து நிறம் மாறும் விசித்திரச் சொல்.

மான்செஸ்டரில் தர்க்கவியலாளர்கள் ஜெஃப் பாரிஸும் அலெனா வென்கோவ்ஸ்காவும் இதற்கெல்லாம் ஒரு துணிச்சலான பதிலோடு வந்தார்கள். சொற்களுக்கு எந்த அர்த்தமும் தராமல், மாம்பழம், மரகதம் எதுவும் இல்லாமல், வெறும் குறியீடுகளை வைத்துக்கொண்டு, பகுத்தறிவுள்ள ஒருவர் எப்படிப் பங்கிடலாம் என்று மட்டும் கேட்டார்கள். 2015இல் அவர்கள் எழுதிய நூலின் பெயரே தூய தொகுத்தறி தர்க்கம். அந்தத் தூய்மையில் சமச்சீர்மையை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று பார்த்தார்கள்.

ஒரு மொழியில் சொல்லக்கூடிய கூற்றுகள் அனைத்தையும் ஒரு மீன்வலையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு கூற்று. எது எதிலிருந்து கிடைக்கும், எது எதற்கு மறுப்பு என்பவை இழைகள். முடிச்சுகளை எப்படி இடம் மாற்றினாலும் இழைகளின் அமைப்பு அப்படியே நின்றால், தர்க்கத்தின் கண்ணுக்கு இரண்டு வலையும் ஒன்றுதான். அப்படிப்பட்ட எல்லா இடமாற்றத்துக்கும் எண்கள் அசையாமல் இருக்க வேண்டும் என்று கேட்போம். 'சாராம்சத்தில் ஒரே கேள்விக்கு ஒரே விடை' என்பதன் முழு வடிவம் இது. யாரும் மறுக்க முடியாத கோரிக்கை போலத்தான் இருக்கிறது.

2011இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கோரிக்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டுகிறது. பொருள்களின் பண்புகளை மட்டும் பேசும் மொழிகளில், இதை நிறைவேற்றும் பங்கீடு ஒன்றே ஒன்றுதான்: லாம்டா பூஜ்யம். முதல் பழம் எப்படியோ, உலகத்துப் பழம் எல்லாம் அப்படியே. கட்டுரையின் தலைப்பு 'சமச்சீர்மையின் முடிவா?' என்று கேட்கிறது.

நிலைகள் எல்லாம் சமம் என்றபோது எதையும் கற்க முடியாத பங்கீடு கிடைத்தது. எல்லா இடமாற்றத்தையும் சமம் என்றபோது ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கும் பங்கீடு கிடைக்கிறது. என் கட்சி இது: எவை சமம் என்று முடிவு செய்து கொடுத்தால், அதிலிருந்து என்ன தொடரும் என்பதைச் சமச்சீர்மை பிசகாமல் சொல்லும். கைஃப்மனின் தேற்றம் அதற்குச் சாட்சி. எவை சமம் என்பதை அதனிடமே கேட்டால் கிறுக்குப் பதில்தான் வரும்.

அம்மாவிடம் லாம்டா பற்றிச் சொல்லவில்லை. இரண்டு பழத்தைப் பார்த்துக் கூடை முழுக்கத் தீர்ப்புச் சொல்வது நியாயமா என்று மட்டும் கேட்டேன். "ஒரே தோப்புக் காய்டா இது. அந்த வண்டு எங்க பறந்து போகும்? வந்த தோப்புல வருஷா வருஷம் இருக்கும்" என்றார். மாங்கொட்டை வண்டு நெடுந்தூரம் பறப்பதில்லை என்பதும், ஒரு தோப்பில் புகுந்தால் பட்டை இடுக்கில் ஒளிந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும் என்பதும் பூச்சியியல் நூல்களில் இருக்கிறது. அவர் திருகைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தது சமச்சீர்மையால் அல்ல, தோப்பைத் தெரிந்ததால். வெவ்வேறு ஊர்ப் பழம் கலந்த கூடையாக இருந்திருந்தால் வேறு எண் சொல்லியிருப்பார்.

மூன்றாவதை வெட்டினேன். வண்டு இருந்தது. நான்காவதுக்கு லாப்லாஸ் 4/5 என்கிறார். மிச்சப் பழங்களின் சதையை மட்டும் சீவித் தின்றுவிட்டு, கொட்டைகளைப் பிளக்காமலே குப்பையில் போட்டோம்.